முதியோருக்கு எதிரான குற்றங்களும் பேராதனையின் கடமையும்

பெற்றோரைப் பேணுவதை அறங்களுள் முதன்மையானதாகக் கருதும் சமூகங்கள் நம்முடையவை. அன்னையையும் தந்தையையும் தெய்வத்துக்கு நிகராக வைத்துப் போற்றியது ஒளவையின் மரபு. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லும் கூறலாகாது என்பது இஸ்லாம் விதித்த கட்டளை. ஆயினும், இந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே நமது வீடுகளிலும் அயலிலும் முதியவர்களுக்கு நேரும் அநீதிகளைக் காணாதிருக்கப் பழகிவிட்டோம் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

முதியவர் ஒருவருக்கு எதிரான குற்றம் என்றதும், தனித்திருக்கும் மூதாட்டியின் சங்கிலியை அறுத்துச் செல்லும் திருடனே நம் நினைவுக்கு வருகின்றான். அது நடக்கவே செய்கின்றது. ஆனால் அதனைவிட அமைதியாக நடைபெறும் குற்றங்கள் பல. கண் பார்வை மங்கிய தாயிடம் வாசித்துக் காட்டாமலே நன்கொடை உறுதியில் கையொப்பம் பெறப்படுகின்றது. வங்கிக்குச் செல்ல இயலாத தந்தையின் ஏ.ரி.எம். அட்டை பிறர் கையில் இருக்கின்றது. பரிசு விழுந்திருப்பதாகத் தொலைபேசியில் கூறி, இரகசிய இலக்கத்தைப் பெற்று, ஓய்வூதியத்தைச் சுருட்டிவிடுகின்றனர். தோட்டத்தில் ஆயுள் முழுவதும் உழைத்தவரின் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்த சில வாரங்களில் அவருக்குத் தெரியாமலே கரைந்து போகின்றது. மறதி நோயுற்றவர் அறையொன்றில் பூட்டி வைக்கப்படுகின்றார்; சில வேளை அடிக்கப்படுகின்றார்.

இவற்றை அரிதானவை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றை ஆதாரமாகக் கொண்டு, உலகில் 60 வயதுக்கு மேற்பட்ட ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகின்றார் என உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் கூறியுள்ளது. நமது நாடோ வேகமாக முதுமையடைந்து வருகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வதும் அதற்கு மேற்பட்டோரும் சனத்தொகையில் 7.9 வீதமாக இருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் மேலை நாடுகளுக்கும் சென்றுவிட, மலையகத்தின் வீடுகளிலும் லயன் அறைகளிலும் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியவர்களே.

அவ்வாறிருந்தும் இந்தக் குற்றங்கள் பொலிஸ் நிலையம் வரை வருவது குறைவு. குற்றமிழைத்தவர் மகனாகவோ, மருமகளாகவோ, பேரனாகவோ இருக்கும்போது எந்தத் தாய் முறைப்பாடு செய்வாள்? முறையிட்டால் நாளை உணவு தருவது யார் என்ற அச்சம் ஒரு புறம். குடும்ப மானம் சந்திக்கு வந்துவிடும் என்ற கூச்சம் மறுபுறம். அவற்றையும் மீறி வருபவரின் எதிரே மொழி ஒரு சுவராக நிற்கின்றது. தமிழும் அரசகரும மொழியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மலையகப் பொலிஸ் நிலையங்கள் பலவற்றில் தமிழ் பேசும் முதியவர் தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுத் திரும்பும் நிலை முற்றாக நீங்கிவிடவில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்கான தேசிய பேரவையையும் தேசிய செயலகத்தையும் உருவாக்கியது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கோரி விண்ணப்பிப்பதற்கென ஒரு பராமரிப்புச் சபையையும் அது ஏற்படுத்தியது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவியருக்கு மட்டும் உரியதென்றே பலர் எண்ணுகின்றனர். தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகியோரும் அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும் என்பதை நமது வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

காணி, வீடு தொடர்பான நிலைமைதான் மிகவும் சிக்கலானது. கண்டியில் ஒரே வீதியில் அடுத்தடுத்து வசிக்கும் மூன்று முதியவர்கள் தத்தம் வீடுகளைப் பிள்ளைகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் கண்டியச் சிங்களவர், 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டத் திருத்தத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, தமது நன்கொடையை மீளப் பெற்றுக்கொள்ளலாம். முஸ்லிம் அயலவருக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்டம் பொருந்தும். மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தாலன்றி அவரது நன்கொடை அவ்வாறு கருதப்படமாட்டாது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மலையகத் தமிழரோ, பிள்ளை பெரும் நன்றிகேடு புரிந்ததாக நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற முடியாது. அதற்கென 2017ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் தனியாகவும் இயற்றப்பட்டது.

ஆகவே, உறுதியில் நொத்தாரிசு எழுதும் ஒரு வரியிலேயே அந்த முதியவரின் எஞ்சிய வாழ்க்கை தங்கியுள்ளது. தம் காலத்துக்குப் பின்னரே உடைமை கைமாற வேண்டும் என்றோ, ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை தமக்கு உண்டு என்றோ எழுதும்படி கேட்கலாம் என்பதைக் கையொப்பமிடும் முன்னர் அவருக்குச் சொல்லிக் கொடுப்போர் எத்தனை பேர்? இந்தியா 2007ஆம் ஆண்டு இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுப் பெற்ற சொத்தைப் பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், அக்கைமாற்றத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் வழங்கியுள்ளது. அத்தகைய எளிய வழியொன்று இங்கும் ஆராயப்பட வேண்டும்.

எனினும், சட்டங்களின் போதாமையைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு முதியவருக்கு நேர்ந்ததை முழுமையாகக் காண்பவர் எவரும் இல்லை. வைத்தியர் காயத்தைக் காண்கின்றார். வங்கி உத்தியோகத்தர் வெறுமையாகும் கணக்கைக் காண்கின்றார். கிராம உத்தியோகத்தர் பூட்டிய கதவைக் காண்கின்றார். நொத்தாரிசு கையொப்பத்தைக் காண்கின்றார். நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசினால் குற்றம் வெளிப்பட்டுவிடும். ஆனால் அவர்கள் அமர்வதற்கென்று ஓரிடம் இல்லை.

அந்த இடத்தைப் பல்கலைக்கழகம் வழங்க முடியும் என்பதற்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஒரேஞ்ச் மாவட்டத்தில் 2003ஆம் ஆண்டு, அர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையினர் முன்னின்று, முதியோர் துன்புறுத்தல் தொடர்பான சட்ட மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கினர். அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. முதியோர் மருத்துவர், உளவியலாளர், சமூக சேவை உத்தியோகத்தர், பொலிஸ் புலனாய்வாளர், அரச வழக்குரைஞர் ஆகியோர் வாரந்தோறும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தம்மிடம் வந்த ஒவ்வொரு முறைப்பாட்டையும் ஆராய்ந்தனர். தேவையானபோது மருத்துவரே முதியவரின் வீட்டுக்குச் சென்றார். உறுதியில் ஒப்பமிட்ட வேளையில் அதன் பொருளை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்பதை உளவியலாளர் மதிப்பிட்டார்.

அங்கு பணியாற்றியோர் செய்த ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. முதியவரின் உடலிலுள்ள கன்றிய காயம் தவறி விழுந்ததால் ஏற்பட்டதா, அடியால் ஏற்பட்டதா என்று நீதிமன்றத்தில் கேட்கப்படும்போது வைத்தியர்களிடம் உறுதியான பதில் இருக்கவில்லை. வைத்தியர் லோரா மொஸ்கெடாவும் அவரது குழுவினரும் 101 முதியவர்களின் உடலைப் பல வாரங்கள் நாள்தோறும் பரிசோதித்து, தற்செயலாக ஏற்படும் கன்றல்களில் ஏறத்தாழ 90 வீதமானவை கை, கால்களிலேயே காணப்படுகின்றன என்பதை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கழுத்திலோ, காதுகளிலோ, பிட்டத்திலோ அவை காணப்படவில்லை. காயத்தின் நிறத்தைக் கொண்டு அதன் வயதைக் கணிக்க முடியாது என்பதும் அப்போது தெளிவாயிற்று. பொறுமையோடு செய்யப்பட்ட இந்தப் பணியால், பேச இயலாத மூதாட்டி ஒருவருக்காக அவரது காயமே சாட்சி சொல்லும் வழி பிறந்தது.

இவ்விடயத்தின் பாரதூரத்தை உணர்த்தும் மற்றோர் ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர முதியவர்களை 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1998ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின் முடிவில், துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகாதவர்களில் 40 வீதமானோர் உயிருடன் இருந்தனர். துன்புறுத்தப்பட்டவர்களில் எஞ்சியிருந்தோர் 9 வீதத்தினரே. முதியவரைத் துன்புறுத்துவது அவரது ஆயுளைக் குறைப்பதோடு தொடர்புடையது என்பதை இதனைவிடத் தெளிவாகக் கூற முடியாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இத்தகைய மையம் ஒன்றை அமைப்பது எட்டாத காரியமல்ல. அங்கு மருத்துவ பீடம் உண்டு. அதில் சட்ட மருத்துவமும் உளமருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. கலைப்பீடத்தில் சட்டம், சமூகவியல், உளவியல், தமிழ், அரபு ஆகியன உண்டு. அருகிலேயே போதனா வைத்தியசாலை இருக்கின்றது. ஒரே வளாகத்தில் இத்தனை துறைகளும் கூடியிருக்கும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே.

மரபும் அங்கு இல்லாமலில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் என்.கே. சர்க்காரும், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மானிடவியலாளரான எஸ்.ஜே. தம்பையாவும் பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்து 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கண்டியக் கிராமத்தில் காணியும் குடும்பமும் எவ்வாறு சிதைந்து வருகின்றன என்பதை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. அன்று கிராமத்தின் வறுமையைக் கணக்கிடப் புறப்பட்ட பல்கலைக்கழகம், இன்று அதே கிராமங்களில் முதுமைக்கு நேரும் கொடுமையைக் கணக்கிடப் புறப்படுவது பொருத்தமானதேயாகும்.

இதற்குப் புதிய மாளிகை தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, பொலிஸ், பிரதேச செயலகம், வைத்தியசாலை, சட்ட உதவி ஆகியவற்றின் பிரதிநிதிகள், அவர்களை ஒன்றுகூட்டும் ஒரு சிறு அலுவலகம் என்பனவே தொடக்கத்துக்குப் போதுமானவை. ஆனால் அந்த அலுவலகத்தில் தமிழில் பேசவும் எழுதவும் வல்லவர்கள் கட்டாயம் இருத்தல் வேண்டும். தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் அவர்கள் செல்ல வேண்டும். ஆலய அறங்காவலர் சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். நீதிமன்றப் படியேற அஞ்சும் மூதாட்டியும் கோயில் மண்டபத்தில் வாய் திறக்கக் கூடும். பொலிஸாரை அணுகத் தயங்கும் பெரியவரும் ஜும்ஆவின் பின்னர் இமாமிடம் பேசக் கூடும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கு கூற விரும்புகின்றோம். முதலாவது, பிள்ளைகள் அனைவரையும் சந்தேகக் கண்கொண்டு நோக்குவதாக இம்முயற்சி அமைந்துவிடக் கூடாது. குறைந்த வருமானத்தில், படுக்கையிலுள்ள பெற்றோரை இரவு பகலாகப் பராமரிக்கும் பிள்ளைகள், குறிப்பாக மகள்மாரும் மருமகள்மாரும் நம்மிடையே ஏராளம். சோர்வினால் நேரும் புறக்கணிப்புக்கு மருந்து உதவியே. பேராசையால் நேரும் கொள்ளைக்கு மட்டுமே தண்டனை. இரண்டையும் பிரித்தறிவதற்கே பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இரண்டாவது, பாதுகாப்பு என்ற பெயரில் முதியவரின் விருப்பத்தைப் பறித்துவிடலாகாது. தமது பணத்தை யாருக்குக் கொடுப்பது, எங்கே வசிப்பது என்பதைத் தெளிந்த சிந்தையுள்ள முதியவரே தீர்மானிக்க வேண்டும். தவறாகத் தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

ஆண்டுதோறும் ஜூன் 15ஆம் திகதி முதியோர் துன்புறுத்தலுக்கு எதிரான விழிப்புணர்வு நாளாகவும், ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினமாகவும் அனுஷ்டிக்கப்படுகின்றன. அன்று மாலை அணிவித்துப் பரிசுப் பொதி வழங்கப்பட்ட பெரியவர், மறுநாள் தமது வீட்டில் எந்நிலையில் இருக்கின்றார் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதைத் தமது தொழிலாகக் கொண்ட சிலரேனும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நிருவாகமும், தேசிய முதியோர் செயலகமும், மத்திய மாகாண நிருவாகமும் இணைந்து அத்தகையோரைப் பேராதனையில் அமர்த்துமாயின், ஒரு கையொப்பத்தால் வீதிக்கு வந்துவிடக் கூடிய ஏதோ ஒரு தாய்க்கு அது காலத்தில் செய்த உதவியாக அமையும். நாமும் நாளை அந்த வயதை அடையப் போகின்றவர்களே என்பதை மனதிற் கொண்டு, இதில் தாமதம் ஏற்படாதிருக்க உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும்.