இமையை அளந்தது போதும்

"ஆசியக் கண் சிறியது, அதற்கேற்ற கருவி வந்துவிட்டது, இனி எவரும் பார்வைத் திருத்த லேசர் செய்துகொள்ளலாம்" என்கிறார்கள். யாருடைய ஆசியக் கண்? மலேசியாவின் ஜெஞ்சாரோமில் சீனரும் தமிழரும் ஒரே ஊர்க்காரர்கள்தாம், கண்கள் ஒன்றல்ல. இமையிடைவெளி குறுகியிருந்தால் சிகிச்சையின்போது கண்ணை அசையாமல் பிடிக்கும் உறிஞ்சு வளையத்தைப் பொருத்துவது சிரமம் என்பது உண்மை. அது மருத்துவரின் தொல்லை. நம் தொல்லை கருவிழிப்படலத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வொன்று, இந்தப் படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயை, வெள்ளையரைவிட ஆசிய வம்சாவளியினரிடம் நான்கு மடங்குக்கு மேல் கண்டது. அங்கே ஆசியர் என்றால் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தார், அதாவது நம்மவர். அரும்பும் நிலையிலுள்ள அந்நோயைக் கவனியாமல் லேசரால் சீவினால் படலம் மேலும் புடைத்துப் பார்வை குலையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படலத்தின் சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான். லாசிக் என்னும் லேசர் சிகிச்சையில் முதலில் வெட்டித் திறக்கும் மேல்மடலுக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 14 சீவப்படும். அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும். 490 மைக்ரான் படலமும் மைனஸ் 10 பவரும் உள்ளவருக்கு மிஞ்சுவது 240. எந்தப் புதுக் கருவி வந்து என்ன?

கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்களே, சலுகை விலையைக் கேட்குமுன் கருவிழி வரைபடத்தைக் கேளுங்கள். கெரட்டோகோனஸோடு தொடர்புள்ள, கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.