பாட்டிக்குச் சொல்ல முடியாத படிப்பா?

"இன்னாடா கண்ணு, பெரிய படிப்பு படிக்கிறியே, அங்க இன்னாதான் பண்றே?"

சென்ற விடுமுறையில், சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டு வாசலில் அமர்ந்து பாட்டி கேட்டாள். முதுகலை அறிவியல் மாணவனாகிய நான் விழித்தேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் முழங்கியிருப்பேன்!

'தமிழில் கலைச்சொல் இல்லை' என்பர் நண்பர். குறை மொழியிலா? நம் சோம்பலில் என்பேன். அன்று தட்டுத் தடுமாறி நான் சொன்னது இதுதான்:

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இரு புரிக் கயிறு. ஒரு புரி அறுந்தால் ஒட்டவைப்பது லிகேஸ் என்னும் நொதி. 1967-இல் கண்டறியப்பட்டது. அது ஒட்டுகிறதா என்றறிய, முன்பு கதிரியக்கப் பாஸ்பரஸைச் சேர்த்து, இடையிடையே வினையை நிறுத்திப் பார்ப்பார்கள். இன்று ஒளிரும் சாயம் உதவுகிறது. கொண்டை ஊசிபோல் மடிந்த சிறு டி.என்.ஏ. இழை, ஒரு முனையில் சாயம், மறுமுனையில் அதன் ஒளியை விழுங்கும் பொருள். 1996-இல் சஞ்சய் தியாகியும் பிரெட் கிராமரும் அமைத்துக் காட்டியது இது. இரு துண்டு இழைகள் தனித்திருந்தால் ஊசியைத் திறக்க வலுவில்லை. லிகேஸ் அவற்றை ஒன்றாக்கினால் ஊசி திறக்கும், ஒளி பிறக்கும். ஒளி ஏறும் வேகத்திலிருந்து ஒட்டும் வேகத்தை அறியலாம்.

"இதனால யாருக்கு இன்னா லாபம்?"

தாத்தா சுரங்கத் தொழிலாளி. கல்தூசி நுரையீரலைக் கெடுத்தது, கெட்ட நுரையீரலைக் காசநோய் பற்றியது, மாண்டார். அந்தக் காசநோய்க் கிருமி உயிர்வாழ இன்றியமையாத லிகேஸ், என்.ஏ.டி. என்னும் பொருளைக் கொண்டு இயங்குகிறது. நம் உடலின் லிகேஸுக்கு வேண்டியதோ ஏ.டி.பி. ஆகவே, நமதை விட்டு அதை மட்டும் தடுக்கும் பொருள் கிடைத்தால் மருந்தாகலாம். ஆயிரமாயிரம் பொருள்களை விரைந்து சோதிக்க அந்தச் சிறு ஒளி வேண்டும்.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சீக்கிரம் கண்டுபிடிங்கடா" என்றாள்.

இதே சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், 1965-இல், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், நியூட்ரினோவின் தடத்தை ஒளிச் சிமிட்டல்களால் கண்டனர். உலகம் வியந்தது. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. பாட்டி மட்டும் அந்தச் செய்தியை இந்த ஆண்டுதான், என் வாயால் கேட்டாள்! அறிவு காலடியில் விளைந்தும் வாசற்படி ஏறவில்லை.

தோழர்களே! நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு மாலை, தொழிலாளர் குடியிருப்பில், தூய எளிய தமிழில் அறிவியல் பேசினால் என்ன? பாட்டிகள் கேள்வி கேட்கட்டும். நாம் விடை தேடுவோம்.

முதற் பேச்சாளனாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.