வேலையிடமும் எங்கள் வயிறும்



உங்களில் பலர் இந்தக் கோடையில் முதல் முறையாக வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒருவர் சூப்பர் மார்க்கற்றில், ஒருவர் முதியோர் இல்லத்தில், இன்னொருவர் அப்பாவின் கடையில். ஆகவே இந்த மாதம் வேலையிடத்தில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு உடலை அசைக்கிறோம் என்று பேசுவோம்.

இது பெரியவர்களுக்குரிய பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வார்ட்டில் வேலை செய்யும் தாதிகளாகிய எங்களுக்கு, நாற்பதுகளிலேயே மாரடைப்போடு வருகிற தமிழ் அப்பாமாரைப் பார்ப்பது புதிதல்ல. "என்ன வேலை, அண்ணா?" என்று கேட்டால் கடை, பெற்றோல் நிலையம், டெலிவரி வான், உணவகக் குசினி என்று பதில் வரும். "மத்தியானம் என்ன சாப்பிடுவீங்கள்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். நேரம் கிடைத்தால் கடைத் தட்டில் இருக்கிற ஏதாவது. கிடைக்காவிட்டால் பால் தேநீரும் பிஸ்கற்றும். இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சோறு. அதோடு நித்திரை.

அவர்களில் பலர் பார்வைக்குக் குண்டானவர்களும் அல்லர். இங்கேதான் எங்கள் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது எங்கள் அம்மாமார் சொல்லும் சீனி வருத்தம், குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. அதனால் உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டும்போது மற்றவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையை எங்களுக்கு 23இலேயே சொல்ல வேண்டும் என்று நைஸ் அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் கீழே இருப்பது நல்லது. தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடா போதும்.

வேலைக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டிய முக்கியமான ஆய்வு ஒன்று நாங்கள் வாழும் இந்த லண்டனிலேயே நடந்தது. ஜெரி மொறிஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில். நடத்துநரோ ரிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று 1953இல் அந்த ஆய்வு வெளியானது. நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும், மேசையில் இருந்து வேலை செய்த தபால் அலுவலக ஊழியர்களுக்கும் இடையிலும் அப்படியே வேறுபாடு இருந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமனானவர்களாக இருந்தார்கள் என்பதையும் மொறிஸ் பிறகு அவர்களுடைய சீருடை அளவுகளிலிருந்து கண்டுபிடித்தார். ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின்மேல் போட முடியாது. என்றாலும் உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்பதை அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதிப்படுத்திவிட்டன.

அந்த நடத்துநர்கள் ஒருவரும் உடற்பயிற்சி செய்வதற்காகப் படி ஏறவில்லை. வேலை அப்படி அமைந்திருந்தது, அவ்வளவுதான். சாப்பாடும் அப்படித்தான். மனக்கட்டுப்பாடு எல்லாருக்கும் தேவை. ஆனால் களைத்துப் போனவன் கைக்கு எட்டுவதையே எடுப்பான். இரவுக் கடமையில் கன்ரீன் மூடியிருக்கும்போது எங்களுக்கும் எட்டுவது இயந்திரத்தில் இருக்கும் கிறிஸ்ப்ஸும், நோயாளியின் குடும்பம் அன்போடு வைத்துவிட்டுப் போன சொக்லேற் டப்பாவும்தான். சுவரில் ஒட்டிய சுகாதாரச் சுவரொட்டி பசியை ஆற்றாது. இங்கிலாந்து என்.எச்.எஸ். இதை உணர்ந்துதான், வைத்தியசாலைகளில் விற்கும் பானங்களில் சீனி சேர்த்தவை 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2017இல் கேட்டுக்கொண்டது. ஊழியருக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல், தட்டில் இருப்பதையே மாற்றப் பார்த்தார்கள்.

பெரிய அலுவலகங்களில் பழக்கூடை, சைக்கிள் திட்டம், ஜிம் சலுகை எல்லாம் உண்டு. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு அவை வருவதில்லை. ஆனால் சட்டம் அங்கேயும் உண்டு. 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகளின்படி, ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 20 நிமிட இடைவேளை கிடைக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் நான்கரை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 30 நிமிடம். இரவு வேலை செய்பவர்களுக்கு முதலாளி இலவசமாகச் சுகாதார மதிப்பீடு ஒன்றை ஒழுங்குசெய்ய முன்வர வேண்டும். உங்களில் எத்தனை பேர் கவுண்டரில் நின்றபடியே சான்ட்விச்சை விழுங்குகிறீர்கள்? அந்த 20 நிமிடத்தைப் பணிவாகக் கேளுங்கள். அது சலுகை அல்ல.

சொந்தமாகக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு எந்தச் சட்டமும் இடைவேளை கொடுக்காது. அதைப் பிள்ளைகள்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் வீட்டில் நிற்கும் நாளில் போய், "அப்பா, நான் நிக்கிறன். நீங்கள் உள்ளுக்கு இருந்து சாப்பிட்டுட்டு ஒருக்கால் வெளியில நடந்திட்டு வாங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிட்ட பின் 10 நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும். "அப்பா, வண்டி வைக்குது" என்று பகிடி பண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தானியேல் முதலாம் அதிகாரத்தை ஞாயிறு பாடசாலையில் படித்திருக்கிறோம். தானியேலும் அவனுடைய மூன்று தோழரும் அரண்மனை வேலைக்காகப் பயிற்சி பெற்ற வாலிபர். சாப்பாடு ராஜாவின் செலவு. அதை அவன் வேண்டாம் என்றது உடல் மெலிவதற்காக அல்ல, தன்னைத் தீட்டுப்படுத்தாதிருக்க. ஆனாலும் அவன் போன வழியை நாங்கள் வேலையிடத்துக்கு எடுத்துப் போகலாம். அவன் சண்டை பிடிக்கவில்லை. தங்களுக்குப் பொறுப்பாயிருந்த விசாரிப்புக்காரனிடம் மரியாதையோடு கேட்டான். பத்து நாள் சோதித்துப் பாரும் என்று காலம் குறித்தான். தனியாக அல்ல, நான்கு பேராகச் செய்தார்கள்.

நாங்களும் பத்து நாள் வைத்துப் பார்ப்போமா? எங்கள் சபையில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிமாரும் இதை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வேண்டுகோள். கடையின் பின்னறையில் ஒரு சிறு மேசை, ஒரு கதிரை, ஒரு மைக்ரோவேவ் வையுங்கள். ஆட்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் கோலாவுக்குப் பதிலாகத் தண்ணீரும் பழமும் கொடுங்கள். ஒரு வழக்கமான கோக் ரின்னில் 35 கிராம் சீனி இருக்கிறது, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான அளவே 30 கிராம்தான். சாப்பாட்டு நேரத்தை வேலை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போங்கள். பெட்டியில் பாதி கீரை, மரக்கறி. கால் பங்கு பருப்பு, மீன், முட்டை அல்லது கோழி. மிச்சக் கால் பங்கு சோறோ பிட்டோ. இரவு வேலை என்றால் பிரதான சாப்பாட்டைப் போகும் முன்னரே முடியுங்கள். நள்ளிரவில் உடல் சீனியைச் சரியாகக் கையாளாது. அப்போது அவித்த கடலை ஒரு கைப்பிடி, தயிர், பழம் போதும். ஒரு தரிப்பு முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி நடவுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை என்பது நாளுக்கு 22 நிமிடத்துக்கும் குறைவுதான். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் தங்கள் ஜி.பி.யிடமோ தாதியிடமோ கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இலவசச் சுகாதாரப் பரிசோதனை செய்கிறது. ஏற்கெனவே இதய வருத்தம், நீரிழிவு போன்றவை உள்ளவர்களுக்கு வேறு கண்காணிப்பு உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் பெரும்பாலும் அது மின்சார பில்லோடு சேர்ந்து லாச்சிக்குள் போய்விடும். இந்த வாரம் உங்கள் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள். கடிதம் இல்லாவிட்டால் ஜி.பி.க்குத் தொலைபேசி எடுத்து அப்பா, அம்மா இருவருக்கும் நேரம் குறித்துக் கொடுங்கள். அவர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். அந்த நேரம் கடையில் நிற்க நீங்கள் இருக்கிறீர்கள்.