உப்புக் கரிக்கும் நெற்றி

பிள்ளையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் அடையாளம் அது. நுரையீரலில் சளி கெட்டிப்பட்டு மூச்சை அடைக்கும். 1950-களில் அமெரிக்காவில் இந்நோயோடு பிறந்த பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. 1955-இல் பெற்றோர்களே கூடி ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அம்மா தொலைபேசியில் நன்கொடை கேட்பதைக் கேட்டுக் கேட்டு, நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் நோயின் பெயரை 'சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்' என்றே நினைத்துக்கொண்டான். அறுபத்தைந்து ரோஜாக்கள்!

நிதிக்காக நடந்தும் ஓடியும் ஊர் ஊராகத் திரட்டிய பணத்தை அறக்கட்டளை மருந்து ஆராய்ச்சியில் துணிந்து போட்டது. 2012-இல் நோயின் மூலத்தையே தாக்கும் முதல் மாத்திரை வந்தது. அது சுமார் 4 சதவீதம் பேருக்கே உதவியது. 2019-இல் வந்த கூட்டு மருந்து ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு. ஓடி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அரிய நோய்க்கு மருந்து வாங்குவோர் குறைவு; கம்பெனிகள் தாமாக வருவதில்லை. பெற்றோரின் கால்கள்தாம் முதலில் வருகின்றன.

ஆனால் அந்தக் கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஊரார் காசில் முளைத்த மருந்துக்கு இது அநியாயம். மருந்து உதவாத மீதிப் பிள்ளைகளுக்கோ இன்னும் விடிவில்லை. அவர்களுக்காக யாராவது ஓடிவந்து உண்டியல் நீட்டினால், பத்து ரூபாயாவது போடுங்கள்.