மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் டாக்குமென்ட் பிரிவில் இருக்கிறேன். நூல் விலை ஏறினால் முதலாளிக்குத் தூக்கம் கெடும். எனக்குக் கெடுவது யாராவது 05/06 என்று தேதி எழுதும்போதுதான்.

அமெரிக்க பையருக்கு அது மே 6. ஜெர்மன் பையருக்கும் நமக்கும் ஜூன் 5. எங்களுக்குப் பக்கத்து யூனிட் ஒன்றில், பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) இருந்த இப்படியொரு ஷிப்மென்ட் தேதியை ஜூன் என்று படித்துவிட்டு, சாவகாசமாகத் துணியைச் சாயத்துக்கு அனுப்பினார்கள். சரக்கு எங்கே என்று பையர் கேட்டபோது கட்டிங்கே முடியவில்லை. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டியது விமானத்தில் போயிற்று. அந்த ஆர்டரில் மிஞ்ச வேண்டியதெல்லாம் விமானக் கட்டணத்துக்கே சரியாய்ப் போனது.

அமெரிக்கர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'மே சிக்ஸ்த்' என்று பேசுகிறார்கள், அதே வரிசையில் எழுதுகிறார்கள். (சுதந்திர தினத்தை மட்டும் 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்பார்கள், அது தனிக் கூத்து.) 25/06 என்றால் குழப்பமில்லை, 25-ஆவது மாதம் யாருக்கும் கிடையாது. நாளும் 12-க்குள் இருந்தால்தான் வம்பு. ஆண்டில் அப்படி 144 தேதிகள். 01/01, 02/02 மாதிரியான 12-ஐக் கழித்தாலும் 132 மிஞ்சும். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்!

எல்.சி. (பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட்) வந்தால் அதில் மூன்றாவதாக ஒரு வரிசை. வங்கிகளின் ஸ்விஃப்ட் செய்தியில் கடைசி ஷிப்மென்ட் தேதி 250605 என்று நிற்கும். ஆண்டு, மாதம், நாள்: அதாவது 2025 ஜூன் 5. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "என்னக்கா, 2005-ஆம் வருஷத்து எல்.சி.யா?" என்று கேட்பார்கள்.

எண்களாவது தேவலை. பள்ளியில் 'ஆன் மண்டே', 'இன் ஜூன்' என்று மனப்பாடம் செய்தோம். 'ஃப்ரம் ஜூன் 5' என்றால் 5-ஆம் தேதி சேர்த்தியா இல்லையா என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை. இலக்கணப் புத்தகம் கைவிட்ட இடத்தை பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை பிடித்துக்கொண்டது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, எல்.சி.க்கான அதன் யு.சி.பி. 600 விதிகளில் 3-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஷிப்மென்ட் காலத்துக்கு 'ஃப்ரம்', 'டில்', 'பிட்வீன்' என்று எழுதினால் குறிப்பிட்ட நாளும் சேரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்றால் சேராது. ஆனால் பணம் வரவேண்டிய நாளைக் கணக்கிடும்போது அதே 'ஃப்ரம்' அந்த நாளை வெளியே தள்ளிவிடும். ஒரே எல்.சி.க்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. 'ஆன் ஆர் அபவுட்' என்றால் முன்னால் 5 நாள், பின்னால் 5 நாள், ஆக மொத்தம் 11 நாள். மாதத் தொடக்கம் என்றால் 10-ஆம் தேதி வரை, நடு என்றால் 11 முதல் 20, அதற்கு மேல் கடைசி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 'இமீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' போன்றவற்றைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்கிறது. எங்கள் ஊர் மெயில்களில் பாதி அந்தச் சொற்களில்தான் ஓடுகிறது.

வங்கிக்காரர்கள் விதி போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். பி.ஓ.வுக்கும் அன்றாட மெயிலுக்கும் அந்த விதி செல்லாது. அங்கே மாதத்தை எழுத்தில், ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதியே ஆகவேண்டும் என்பேன். 'வரை' என்று வருகிற இடத்தில் அந்த நாளும் சேர்த்தி என்பதையும் எழுத வேண்டும். மெர்ச்சண்டைசர் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள் ஆங்கில உச்சரிப்புக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம். உச்சரிப்பு பிசகி எந்த கன்டெய்னரும் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"பையர் எழுதினபடியே எழுதும்மா, நாம திருத்தினா கோவிச்சுக்குவாங்க" என்பார் எங்கள் முதலாளி. ஆர்டரை உறுதி செய்யும் மெயிலில் நான் மாதத்தை எழுத்தில்தான் போடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒருவர் மட்டும் உடனே திருத்தி அனுப்பினார்: அவர் சொல்ல வந்த மாதம் வேறு.