தண்ணீரைக் கொட்டுவது பெரிதல்ல

வாசகர்களே, இம்முறை ரிங்லெட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய தாயார் தேயிலை மலையில் கொழுந்தெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். தங்கச்சிக்குத் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. "சொந்தமாக இயந்திரம் வைத்திருந்தால் நடைவழிக் கம்பளங்களைக் கழுவும் காண்டிராக்டை உனக்கே தருகிறோம்" என்று அங்கே சொன்னார்களாம். சீட்டுப் பணத்தை எடுத்துப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார்.

சோதனைக்கு ஒரு மாடி கொடுத்தார்கள். கழுவிய அன்று கம்பளம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் எடுத்துவிட்டது. பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும். அதுவும் சரியாக வராவிட்டால் காண்டிராக்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். ஈப்போவில் ஒரு கடைக்காரர், "இயந்திரத்தில் குற்றமில்லை, குழாயை மாற்று. 14 அங்குல அகலம், ஆறு முனை, பெரிய குழாய் இருக்கிறது" என்கிறாராம். வாங்கலாமா அண்ணா, என்பதுதான் கேள்வி.

அதை வாங்க வேண்டாம், தங்கச்சி. காரணத்தை எல்லாருக்குமாகச் சொல்கிறேன். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஹோட்டல்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இந்த வேலைக்குத்தானே போகிறார்கள்?

இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த பெட்டி. அதற்குள் இரண்டு தொட்டிகள். ஒன்றில் சுடுதண்ணீரும் மருந்தும், மற்றதில் திரும்பி வரும் அழுக்குத் தண்ணீர். பெட்டியிலிருந்து ஒல்லியான குழாய் ஒன்று தண்ணீரைக் கொண்டுவரும். தடித்த குழாய் ஒன்று உறிஞ்சி எடுத்துப்போகும். இரண்டும் வந்து சேருகிற வளைந்த இரும்புக் கோல்தான் வேலை செய்பவரின் கையில் இருப்பது. 'வாண்ட்' என்பார்கள். அதன் அடியில் தட்டையான வாய். வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் சீறும் முனைகள். விசையை அழுத்தினால் தண்ணீர் பாயும். கோலைப் பின்னுக்கு இழுத்தால் அந்த வாய் அதை உறிஞ்சும். கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முனைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். வாயைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

நானும் பட்டவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், மலையில் ஒரு பங்களாவின் கூடத்துக் கம்பளத்தைக் கழுவப் போனேன். அழுக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரை அள்ளிப் பாய்ச்சினேன். மறுநாள் காலையில் பார்த்தால் கம்பளத்தின் மேலே தேநீர் சிந்தினாற்போல் பழுப்புத் திட்டுகள்! கம்பளத்தின் அடிப்பக்கம் சணல். சணல் ஊறி, அதன் சாயம் மெல்ல மேலே ஏறிவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை.

கோலாலம்பூரில் இந்த வேலை செய்பவர்கள் தரும் யோசனையை நம் மலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஹோட்டல் முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறது. அது அறையின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். கேமரன் மலையில் பல ஹோட்டல்களில் குளிர்சாதனமே கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேலே வெள்ளைக்காரன் குளிருக்காகத்தானே ஏறி வந்தான்! ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. சன்னலைத் திறந்தால் காற்றோடு பனிமூட்டமும் உள்ளே வரும். நனைந்த கம்பளம் 24 மணி நேரத்துக்குள் காய வேண்டும். 48 மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சைக்கு அது போதும். மழைக்காலத்தில் லயத்து வீட்டில் துணி காயாமல் வாடை அடித்ததை யார் மறப்பார்கள்? ஆகவே நம் ஊரில் நல்ல கோல் என்றால் தண்ணீரைத் திருப்பி எடுக்கிற கோல். கொட்டுவதற்குத் தகரவாளியே போதும்.

இப்போது அந்த 14 அங்குலத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் மோட்டார் இழுக்கிற காற்று ஓர் அளவுதான். 10 அங்குல வாயில் அந்தக் காற்று நுழைந்தால் வேகமாக நுழையும். அதே இடுக்கு உள்ள 14 அங்குல வாய் என்றால் நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல் இடம். காற்றின் வேகம் அதற்கேற்பத் தளர்ந்துவிடும். அகலமான கோல் வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும், உண்மை. ஈரத்தையும் விட்டுவிட்டுப் போகும். லாரியில் பூட்டிய பெரிய இயந்திரங்களுக்கு அது சரி. அவற்றின் மோட்டார் வேறு, இரண்டு அங்குலக் குழாய் வேறு. தங்கச்சியிடம் இருப்பதோ சுவர் பிளக்கில் ஓடுகிற, ஒன்றரை அங்குலக் குழாய் உள்ள இயந்திரம். அதற்கு ஒன்றரை அங்குலக் கோல், 10 அங்குல வாய். உறிஞ்சும் மோட்டார் இரண்டு இருந்து, இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் 12 வரை போகலாம். ஒன்றரை அங்குலக் குழாயின் நுனியில் இரண்டு அங்குலக் கோலை மாட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அகலக் கோலுக்குள் காற்று சோர்ந்துபோய், ஏறிய தண்ணீர் பாதியில் வழிந்து கம்பளத்திலேயே விழும்.

முனைகளைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மருந்தடிக்கிற பம்பின் நுனியில் 11002 என்று எண் பொறித்த முனையைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே கணக்குத்தான். முதல் மூன்று எண், தண்ணீர் விசிறிபோல் விரியும் கோணம், 110 பாகை. கடைசி இரண்டு எண் தண்ணீரின் அளவு: சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 அமெரிக்கக் காலன், அதாவது முக்கால் லிட்டர். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால்தான் தண்ணீர் இரண்டு மடங்காகும். 100 பவுண்டில் இப்படி இரண்டு முனை சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தரும். அதே முனை ஆறு இருந்தால் ஏழு லிட்டர்! சின்ன மோட்டார் எதை உறிஞ்சும், எதை விடும்? கடைக்காரர் 'ஆறு முனை' என்றால், "என்ன எண், ஐயா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தொழில் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

முனை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தாதீர்கள். பித்தளையில் துளை கோணிவிட்டால் கம்பளத்தில் ஒரு கோடு நனையும், பக்கத்துக் கோடு காய்ந்து கிடக்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள்.

அடுத்தது உடம்பு. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழுந்து வெட்டும் கத்தரி கைக்கு ஒத்துவராவிட்டால் மாலையில் தோள் என்ன பாடுபடும் என்று அம்மாவைக் கேளுங்கள், தங்கச்சி. கோலும் அப்படித்தான். கடைகளில் கிடைக்கும் கோல்கள் பல, நெட்டை ஆண்களுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண் அதைப் பிடித்தால் கோல் சாய்ந்து, வாயின் ஒரு விளிம்பு தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் வெறுங்காற்று ஓடும், தண்ணீர் ஏறாது. கடையிலேயே செருப்போடு நிமிர்ந்து நின்று பிடித்துப் பாருங்கள். வாய் தரையில் முழுவதும் படிய வேண்டும், இடுப்பு வளையக் கூடாது. இரண்டு வளைவு உள்ள கோலோ, பிடியை மேலும் கீழும் நகர்த்தித் திருகக்கூடிய கோலோ நம் பெண்களுக்கு ஒத்துவரும். விசையை ஐம்பது தடவை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு நாளில் அதை எத்தனை நூறு தடவை அழுத்தப்போவது நீங்கள்தானே?

வாயின் விளிம்பில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை மாட்டிய கோல்கள் உண்டு. 'கிளைடு' என்பார்கள். வெறும் இரும்பு விளிம்பு கம்பளத்தைக் கவ்விக்கொள்ளும். பட்டை இருந்தால் இழுப்பது லேசாகிவிடும். வேறு எதில் காசை மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பட்டை தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். உதிரி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோலை வாங்கி வந்ததும் ஹோட்டலுக்கு ஓடாமல், பழைய கம்பளத் துண்டு ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிக் கழுவிப் பாருங்கள். பின்னுக்கு இழுக்கும்போது மட்டும் தண்ணீர் விடுங்கள்; இழுப்பு முடிவதற்கு ஒரு சாண் முன்னாலேயே விசையை விட்டுவிடுங்கள். பிறகு அதே தடத்தில் தண்ணீர் விடாமல் இரண்டு, மூன்று தடவை இழுங்கள். முடிந்ததும் அழுக்குத் தொட்டியை வாளியில் கவிழ்த்து அளந்து பாருங்கள். எட்டு லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் எனக்குத் திருப்தி. ஐந்தோ ஆறோதான் வந்தால் கோலைக் குறை சொல்வதற்கு முன் குழாயில் ஓட்டை, மூடியில் ரப்பர் வளையம், வடிகட்டியில் நூல் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பழைய இயந்திரம் என்கிறீர்களே.

ஹோட்டலில் காலை பனிமூட்டம் விலகியதும் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மின்விசிறி இரண்டு இரவல் கேளுங்கள். கம்பளி நூல் கம்பளமாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரும் காரமான மருந்தும் வேண்டாம்; வெதுவெதுப்பே போதும்.

ஈப்போவுக்குப் போகும்போது உங்கள் இயந்திரத்தின் இரண்டு குழாய்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர்க் குழாயின் பித்தளைப் பூட்டு கடைக்குக் கடை வேறுபடும். பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.