உங்க ஆளுங்க

போன மாசம் வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் சொன்னான்: “அரசியல்வாதிங்க பூராத் திருடனுங்கக்கா. அமெரிக்காவுல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி பிரசிடெண்டா வந்தாத்தான் சரிப்படும். அவன்கிட்ட இல்லாத பணமா? எதுக்குத் திருடப்போறான்?” கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாம் நம் பிள்ளைகள். சாதிச் சான்றிதழுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் தாலுக்கா ஆபீஸ் படியேறி அலுத்துப்போனவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் போய்ச் சேருகிற இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் இதே வாதத்தை நான் என் ஆயா வாயால் கேட்டிருக்கிறேன். “நம்ம ஆண்டை மத்தவன மாதிரி இல்ல. பரம்பரைப் பணக்காரரு. நம்ம கூலியிலயா கைவைக்கப்போறாரு?” அந்த ஆண்டை வீட்டுக் களத்தில் ஆயாவுக்குக் கூலிநெல் அளந்த மரக்கால் மட்டும் எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே இருந்தது.

கம்ப்யூட்டர் கோடீஸ்வரன் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நிற்பது ஏதோ இந்தக் காலத்துப் புதுக் கனவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1992லேயே அது நடந்தது. ராஸ் பெரோ. டெக்சாஸ்காரர். ஐ.பி.எம். கம்பெனியில் விற்பனையாளராக இருந்து, 1962ல் ஈ.டி.எஸ். என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். மற்றவர்களின் கணக்குவழக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுப்பது தொழில். தன் உழைப்பால், தன் மூளையால் உயர்ந்த மனிதர் என்று பத்திரிகைகள் புல்லரித்துப்போய் எழுதின.

அந்த மூளைக்குத் தீனி போட்டது யார் என்று பார்க்க வேண்டாமா? 1965ல் அமெரிக்க அரசு முதியவர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்று இரண்டு மருத்துவ உதவித் திட்டங்களைக் கொண்டுவந்தது. வந்து குவிந்த பில்களுக்குக் கணக்குப் பார்க்கிற காண்ட்ராக்டுகளில்தான் பெரோவின் கம்பெனி கொழுத்தது. 1968ல் பங்குகளைச் சந்தைக்கு விட்டார். 1984ல் ஜெனரல் மோட்டார்ஸ் 250 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கியது. கிழவர்களுக்கும் ஏழைகளுக்கும் மருந்து வாங்க மக்கள் கட்டிய வரிப்பணம், காண்ட்ராக்ட் வழியாகச் சுற்றி வந்து கோடியாகிறது. ஏழைக்குக் கொடுத்தால் சலுகை. காண்ட்ராக்டருக்குக் கொடுத்தால் திறமை. இடஒதுக்கீட்டைப் பார்த்துத் ‘தகுதி, தகுதி’ என்று கூவுகிறவர்கள் இந்தத் தகுதியின் பிறப்புச் சான்றிதழை ஒருநாளும் கேட்பதில்லை.

1992 ஜூன் மாதக் கருத்துக்கணிப்பில் பெரோ 39 சதவீதம் பெற்று, புஷ்ஷையும் கிளிண்டனையும் பின்னுக்குத் தள்ளியிருந்தார். மக்கள் அவரிடம் போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாஃப்டா ஒப்பந்தம் வந்தால் தொழிற்சாலை வேலைகள் மெக்சிகோவுக்குப் போய்விடும் என்றார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்த தொழிலாளி அதைக் கேட்டான். இரண்டு பெரிய கட்சிகளும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் முதலாளி வந்து உட்கார்ந்தார். ஆண்டையும் அப்படித்தான் வருவார். ஊரில் யாரும் நம் பேச்சைக் கேட்காத நேரம் பார்த்து, “என்னப்பா கஷ்டம்?” என்று கேட்டுக்கொண்டு வருவார்.

இனி வருவதைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

1992 ஜூலை 11. நாஷ்வில் நகரம். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909ல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநாடு. ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் தண்டனையில்லாமல் போனதால் லாஸ் ஏஞ்சல்ஸ் தீப்பற்றி எரிந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்து, இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பெரோ என்ன பேசினார்? தன் அப்பா கறுப்பு வேலையாட்களிடம் எவ்வளவு அன்பாக இருந்தார் என்று கதை சொன்னார். நாட்டின் பொருளாதாரம் கெட்டால் முதலில் அடிபடுவது யார் தெரியுமா என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். நீங்கள், உங்கள் ஆட்கள்.

நம் பாஷையில் சொன்னால், ‘உங்க ஆளுங்க’.

இந்த வார்த்தையை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை நம்மில் யாருக்காவது இருக்கிறதா? ஹெட்மாஸ்டர் ரூமில் கேட்டிருக்கிறோம். “உங்க ஆளுங்கள்ளாம் இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?” வாடகைக்கு வீடு தேடிப்போன இடத்தில் கேட்டிருக்கிறோம். “உங்க ஆளுங்க அந்தப் பக்கம்தானே இருப்பாங்க?” முற்போக்கு மேடையிலும் கேட்டிருக்கிறோம். “உங்க ஆளுங்களுக்கு நாங்க எவ்வளவோ செஞ்சிருக்கோம்.” வசவு வார்த்தை எதுவும் அதில் இல்லை. அன்பாகவே சொல்லப்படுகிறது. ஆனால் சொல்கிற வாய்க்கும் கேட்கிற காதுக்கும் நடுவே ஒரு தெரு விழுந்துவிடுகிறது. நாட்டின் கஷ்டத்தைப் பற்றிப் பேச வந்த மனிதருக்கு நாடு என்றால் ‘நாங்கள்’, அடிபடுகிறவர்கள் ‘நீங்கள்’. மாநாட்டில் இருந்தவர்கள் அங்கேயே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். பெரோ பிறகு வருத்தம் தெரிவித்தார், புண்படுத்தும் எண்ணம் இல்லை என்றார். இல்லைதான். எண்ணமே இல்லாமல் வாயில் வருகிறதே, அதுதான் விஷயம். அப்பாவின் அன்பைப் பேசத் தெரிந்தவருக்கு, அந்த வேலையாட்களுக்கு என்ன கூலி, அவர்களுக்கு ஓட்டு இருந்ததா என்று பேசத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், ஜூலை 16ந் தேதி, போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார் பெரோ. ஊர் ஊராக நின்று கையெழுத்து வாங்கி அவர் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றப் பாடுபட்ட தொண்டர்கள் தெருவில் நின்றார்கள். அக்டோபர் 1ந் தேதி திரும்பி வந்தார். கடை அவருடையது. மூடுவார், திறப்பார், யார் கேட்பது? டி.வி.யில் அரைமணி நேரம் அரைமணி நேரமாக விலைக்கு வாங்கி, கையில் குச்சியோடு வரைபடங்களைக் காட்டிப் பாடம் நடத்தினார். சொந்தப் பணம் ஆறு கோடி டாலருக்கு மேல் செலவு. வேட்பாளர் தன் சொந்தக் காசைச் செலவழிக்க உச்சவரம்பு வைத்த சட்டத்தை 1976லேயே அந்த நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது. காசை இறைப்பதும் பேச்சுரிமையாம். அப்படியானால் காசில்லாதவன் பிறவி ஊமையா? கடைசியில் பெரோ 18.9 சதவீத வாக்குகள், கிட்டத்தட்ட 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கினார். ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்கவில்லை. 2019ல் இறந்துபோனார்.

அவருடைய ஒரு யோசனை மட்டும் சாகவில்லை. எலக்ட்ரானிக் ஊர்க்கூட்டம். மக்களை டி.வி. முன்னால் உட்காரவைத்து, பிரச்சினையை விளக்கி, வீட்டிலிருந்தே கருத்துச் சொல்லவைப்பது. நடுவில் கட்சி வேண்டாம், பிரதிநிதி வேண்டாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்கூட்டம் என்றால் என்னவென்று சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்தைக் கூட்டுவது யார்? கேள்வியைப் போடுவது யார்? ‘சுடுகாட்டுப் பாதை வேணுமா வேணாமா’ என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் எவனாவது எழுப்பியிருக்கிறானா? கை தூக்குகிற உரிமையை மட்டும் கொடுத்து, கேள்வி கேட்கிற உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்பவனே கூட்டத்தின் முதலாளி. இன்றைக்குக் கோடிக்கணக்கான பேர் பேசுகிற மேடைகளே சில தனிமனிதர்களின் சொத்தாக இருக்கின்றன. 2022ல் எலான் மஸ்க் ட்விட்டரை 4400 கோடி டாலருக்கு வாங்கினார். பெரோ டி.வி.யில் அரைமணி நேரம்தான் வாங்கினார். இவர் மேடையையே வாங்கிவிட்டார்.

பெரோவுக்குப் பின் மைக்கேல் ப்ளூம்பெர்க். பங்குச்சந்தை விவரங்களைத் தருகிற கம்ப்யூட்டர் கருவியை விற்றுக் கோடீஸ்வரரானவர். 2002 முதல் 2013 வரை நியூயார்க் மேயர். அவர் ஆட்சியில் போலீஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போட்டது. 2011ல் மட்டும் 6 லட்சத்து 85 ஆயிரம் தடவை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர்மீது ஒரு குற்றமும் கிடையாது. 2013ல் நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அப்போதும் அவர் அதை நியாயப்படுத்திக்கொண்டுதான் இருந்தார். 2019 நவம்பரில் திடீரென்று புரூக்ளினில் ஒரு கறுப்பர் தேவாலயத்துக்குப் போய், தான் செய்தது தப்பு என்றார். ஒரு வாரத்தில் ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்துக்கொண்டார். நூறு நாளில் சுமார் 100 கோடி டாலர் கரைந்தது. ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியில் மட்டும். பணம் தோற்றது என்று நாம் சந்தோஷப்பட்டோம். அவசரப்பட்டுவிட்டோம்.

மஸ்க் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்பதால் சட்டப்படி ஜனாதிபதி ஆக முடியாது. அதனாலென்ன? 2024 தேர்தலில் டிரம்ப்புக்கும் அவர் கட்சிக்கும் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். 2025 ஜனவரியில் அரசாங்கத்தைச் ‘சிக்கனப்படுத்தும்’ வேலை அவர் கைக்கு வந்தது. ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். ஏழை நாடுகளுக்கு மருந்தும் உணவும் அனுப்பிய யூஎஸ்எய்டு நிறுவனம் முடக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் அவர் கிளம்பிவிட்டார். அவருக்கு ஒரு ஆள்கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை. தேர்தலில் நின்று தோற்கிற தொல்லையைக்கூட இப்போது கோடீஸ்வரர்கள் விட்டொழித்துவிட்டார்கள்.

“கம்பெனிய நல்லா நடத்துனவரு நாட்டையும் நல்லா நடத்துவாரு” என்கிறான் தம்பி. அவன் படிக்கிற வணிகவியலிலிருந்தே கேட்கிறேன். கம்பெனியில் ஓட்டு எப்படி? பங்குக்குத் தகுந்த ஓட்டு. நூறு பங்கு வைத்திருப்பவனுக்கு நூறு. ஒன்றுமில்லாமல் கக்கூஸ் கழுவுகிறவளுக்கு ஒன்றுமில்லை. அங்கே அது முறைகேடே இல்லை, அதுதான் முறை. நாடு என்பது ஆளுக்கொரு ஓட்டு. நம்மைப் போன்றவர்களுக்கு வரலாற்றில் கிடைத்த ஒரே சரிசமமான தராசு அது. 1949 நவம்பர் 25ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: ஓட்டில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் ஒன்றாக நெடுநாள் நிற்க முடியாது. அதே உரையில் தனிமனித பக்தி அரசியலில் சர்வாதிகாரத்துக்கு வழி என்றும் சொன்னார். நாம் ஏற்றத்தாழ்வை இடித்து ஓட்டின் பக்கம் கொண்டுவரப் பார்க்கிறோம். இவர்கள் ஓட்டை இடித்துப் பங்குச்சந்தையின் பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். கம்பெனியில் வேண்டாதவனை வேலையைவிட்டு அனுப்பலாம். நாட்டில் வேண்டாதவர்கள் யார் என்று முடிவெடுக்கும்போது முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கட்டும் அந்தத் தம்பி.

ஓட்டின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் பெரோவிடம் கேட்கக் கூடாது. மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹாமர் என்ற பருத்திக்காட்டுக் கூலிப்பெண் இருந்தார். இருபது பிள்ளைகளில் கடைசி. 1962ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்று ராத்திரியே துரத்தப்பட்டார். மறுவருஷம் வினோனா ஊர் ஜெயிலில் சாகிற அளவுக்கு அடிக்கப்பட்டார். 1964ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வந்து, எங்கள் மாநிலத்தின் பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று நாடறியச் சொன்னார். சமாதானமாக இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுந்துபோனார்கள் அவரும் அவர் தோழர்களும். எட்டு வருஷம் கழித்து, 1972ல், ஷெர்லி சிஷோம் என்ற கறுப்புப் பெண் ஜனாதிபதி வேட்பாளராகக் களம் இறங்கினார். என்னை யாரும் வாங்கவில்லை, எனக்கு எஜமானன் யாருமில்லை என்பதே அவர் முழக்கத்தின் பொருள். அவரும் தோற்றார். ஆனால் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. அவரிடம் கடையே இல்லை, பின்னால் வந்த ஜனங்கள்தான் இருந்தார்கள்.

அரசியல்வாதி திருடுகிறான் என்றால் ஐந்து வருஷத்தில் ஒருநாளாவது அவன் நம் தெருவுக்கு வந்து கும்பிட்டாக வேண்டும். அன்றைக்குக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. அந்த ஒருநாளையும் ‘வயிறு நிறைஞ்சவன்’ என்று நம்பி ஒருத்தன் கையில் கொடுத்துவிடலாம் என்கிறாயா தம்பி? ஆயா கடைசிவரை அந்த மரக்காலைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. நீ படித்தவன். வாங்கிப் பார்.